கல்வெட்டில் மிச்சமிருக்கும் ஒன்றரை அங்குலம்

முதலில் நான் கட்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு எவனும் சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

மதுரையிலும் சுத்துப்பட்டிலும் பதினோரு அடுக்குமாடிக் கட்டடங்களில் என் அளவு நிற்கிறது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவன் ஒருத்தரையும் கூப்பிடாமல் தன் கையாலேயே உருட்டி ஏறுகிற முப்பது அடிச் சாய்தளம், தல்லாகுளம் பக்கம் இருப்பது, என் அளவு. உள்ளே விழுந்து கிடப்பவன் மேல் இடிக்காமல் வெளிப்பக்கமாகத் திறக்கிற குளியலறைக் கதவுகள், எத்தனை என்று எனக்கே எண்ணிக்கை விட்டுப்போச்சு. உட்கார்ந்த வாக்கில் கைக்கு எட்டுகிற சுவிட்சுப் பெட்டி. அப்புறம், தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிற வாசற்படி. அதை இந்த ஊரில் எனக்கு முன்னால் ஒருத்தனும் போட்டதில்லை. சவால் விட்டே சொல்கிறேன்.

அம்புட்டையும் செய்தவன் இரண்டு காலும் விளங்காதவன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சோழவந்தான் பக்கம் அடுத்தவன் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்குத் தண்ணீர் இறைத்தவர்கள் வயிற்றில் பிறந்தவன். எனக்குக் கைதூக்கி விட்டவர் யாரும் இல்லை. சாரத்திலிருந்து கைவிட்டவர்கள்தான் உண்டு.

இதில் யார் பேரும் இருக்காது. என் பேரை அவர்கள் விட்டார்கள், அவர்கள் பேரை நான் விடுகிறேன். என் பேரையும் எழுதவில்லை. அது ஏன் என்று கடைசியில் தெரியும்.

முப்பத்தி நாலு வயசில் மூணாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தேன். அன்றைக்குக் காலையில்தான் கயிறு இத்துப்போயிருக்கு என்று சொன்னேன். "சாயந்தரம் மாத்திருவோம் மேஸ்திரி" என்றார்கள். சாயந்தரம் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே எனக்குச் சொந்தமில்லை என்று ஆகிப்போச்சு. யாரோ தானம் கொடுத்த சக்கர நாற்காலியில் உட்கார வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டு வாசலில் ரெண்டு படி. என் வீட்டுக்காரி தூக்கினாள். அவளும் சித்தாளாக இருந்தவள், சிமெண்ட் மூட்டை சுமந்த தோள். படி ஏறியாச்சு. கக்கூஸ் வாசலில் வந்து நின்றோம். கதவு இருபத்திரெண்டு அங்குலம், நாற்காலி இருபத்தாறு. எத்தனை வீட்டுக்குக் கக்கூஸ் வாசல் வைத்தவன் நான்! எல்லாமே இருபத்திரெண்டுதான், ஏன் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. நான் கட்டின எந்த வீட்டிலாவது எவனோ ஒருத்தன் இதே மாதிரி வாசலில் நின்று, கட்டின கொத்தனாரை அம்மா ஆத்தா என்று வைதிருப்பான். அந்த வசவு என்னைத் தேடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அழுதது காலுக்காக இல்லை.

எட்டு மாசம் கழித்து, பழைய முதலாளியிடம் ஏதாவது உட்கார்ந்த வேலை கேட்கலாம் என்று போனோம். அவள் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் ஒரு கட்டடத்துக்கு முன்னால் சாய்தளம் போட்டுக்கொண்டிருந்தார். வரைபடத்தில் காட்டியிருந்ததால் பேருக்கு ஒன்று. மூணடி உயரத்துக்கு ஆறடி நீளம். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"முதலாளி, இது சாய்தளமில்ல. சறுக்குமரம்."

"ஏன்யா, நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஒருக்கா ஒக்காந்து பாருங்க."

என்னை ஒரு செங்கல் அடுக்கில் உட்கார வைத்துவிட்டு அவரை நாற்காலியில் ஏற்றினாள் அவள். மேலே இருந்த கம்பி கட்டுகிற பயல்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "முதலாளி, பிரேக்கு இருக்கா?" "கீழ ஒரு மெத்தையப் போடுங்கடா!" என்று ஒரே லந்து. பாதி ஏறுவதற்குள் நாற்காலி பின்னால் உருண்டது. என் வீட்டுக்காரி முழங்காலைக் கொடுத்து நிறுத்தியிருக்காவிட்டால் முதலாளியின் பின்மண்டை ஜல்லியில் இருக்கும்.

முகம் வெளுத்துப்போய் இறங்கினார். "எம்புட்டு நீளம்யா வேணும்?"

"ஒரு அடி ஏற பன்னெண்டு அடி ஓடணும். இது எந்தப் பள்ளிக்கூடத்துலயும் படிச்சதில்ல. எட்டு மாசமா எங்கையி சொல்லிக் குடுத்தது."

பின்னால் தெரிந்தது, சட்டப் புத்தகத்திலும் அதே கணக்குத்தான் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் எங்கே படித்தார்களோ, நான் படித்தது என் உள்ளங்கைக் காய்ப்பில்.

அப்படித்தான் இந்தத் தொழில் ஆரம்பித்தது. இப்போது இதற்குப் பெரிய இங்கிலீஷ் பேரெல்லாம் வைத்து, கன்சல்டன்ட் என்று கார்டு அடித்துக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்த பேர் சக்கர மேஸ்திரி.

என் வேலை முறை இதுதான். செங்கல் சுவர் எழும்பி, பூச்சு வேலைக்கு முன்னால் நான் போக வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை என் நாற்காலிச் சக்கரத்தின் மேல் ஊற்றச் சொல்வேன். ஈரச் சக்கரத்தோடு ஒவ்வொரு குளியலறைக்குள்ளும், சமையலறைக்குள்ளும் போய் ஒரு முழு வட்டம் திரும்புவேன். வெறும் கான்கிரீட்டில் ஈரக்கோடு விழும். கோடு முழு வட்டமாக விழுந்தால் அறை பாஸ். கோடு போய்ச் சுவரில் முட்டினால் சுவரை உடைத்துத் தள்ளிக் கட்டணும். காய்வதற்குள் சாக்பீஸால் வரைந்துவிடுவேன். எந்தக் கம்ப்யூட்டரும் வேண்டாம். கொத்தனார்கள் என்னைக் கண்டாலே, "ஏய், ஈரச்சக்கரம் வந்துருச்சுடா, இன்னைக்கு எவஞ் சுவரு போகுதோ" என்பார்கள். என்னை வையாதவன் இல்லை. வைதாலும் உடைத்தார்கள்.

தல்லாகுளம் பக்கத்து வேலை வந்தது அப்புறம். அறுபது வீடு, அஞ்சு மாடி, அதே முதலாளி. இந்தத் தடவை வெளியூரில் படித்துவிட்டு வந்த ஒரு ஆர்க்கிடெக்டைக் கூட்டி வந்தார். சின்ன வயசு, தன்மையான பேச்சு. "அண்ணே, அண்ணே" என்று என் நாற்காலி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து கேட்பார். ஈரக்கோட்டை எல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. படித்த பிள்ளை நம்மிடம் கற்றுக்கொள்கிறதே என்று இருந்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சாய்தளத்தில்தான் முதல் சண்டை. தரைமட்டத்திலிருந்து ரெண்டரை அடி ஏற வேண்டும். அப்படியென்றால் முப்பது அடி நீளம், நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம்.

முதலாளி குதித்தார். "முப்பது அடியா? ரெண்டு காரு நிக்கிற எடம்யா அது! சக்கர நாற்காலிக்காரன் எவன்யா இங்க வீடு வாங்க வாரான்?"

ஆர்க்கிடெக்ட் சட்டத்தைச் சொன்னார், நியாயத்தைச் சொன்னார். முதலாளி காதில் ஏறவில்லை. எனக்கு அவரைத் தெரியும். எங்கே தட்டினால் சத்தம் வரும் என்று தெரியும்.

"சரி முதலாளி, படியே வச்சிருவோம். கிரகப்பிரவேசத்தன்னைக்குப் பசுவும் கன்னும் எப்படி உள்ள வரும்?"

அவர் திரும்பி வாசலைப் பார்த்தார்.

"அஞ்சு படி. மாடு ஏறாது. அடிச்சுத்தான் ஏத்தணும். அறுபது குடும்பம் பாத்துட்டு நிக்கும். பசு வராத வீட்ல பால் காச்சுனோம்னு ஊரு பூராம் பேசும்."

மறுநாள் முப்பது அடிக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். மனுசனுக்குப் போட மாட்டேன் என்ற சாய்தளத்தை மாட்டுக்குப் போட்டார்கள். எனக்கு என்ன? மாட்டின் பின்னாலேயே மனுசனும் ஏறிக்கொள்வான்.

அடுத்தது வாசற்படி. நம் ஊரில் நிலை வைப்பது சாமி காரியம். அடியில் காசும் நவதானியமும் போட்டு, கீழ்க்கட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பூப்போட்டு நிறுத்துவார்கள். அந்தக் கட்டை மூணு அங்குலம் தூக்கி நிற்கும். சக்கரத்துக்கு மூணு அங்குலம் என்பது மதில்சுவர். கட்டையே வேண்டாம் என்றால் வாஸ்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "படி இல்லாத வாசல் பல்லில்லாத வாய் மாதிரி. லட்சுமி எதை மிதிச்சு உள்ள வருவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

நிலை செய்கிற பாய் சிம்மக்கல்லில் பட்டறை வைத்திருந்தார். தலைமுறையாக மரவேலை. நானும் அவரும் பட்டறை வாசலில் டீ குடித்துக்கொண்டே மூணு நாள் மண்டையை உடைத்தோம். கடைசியில், கட்டையைத் தரைக்குள் இறக்கி, மேல்பக்கம் மட்டும் டைல்ஸோடு சமமாகத் தெரிகிற மாதிரி புதைத்தோம். மஞ்சள் பூசலாம், குங்குமம் வைக்கலாம், கோலம் போடலாம். சக்கரமும் தடையில்லாமல் போகும். நடைபாதையைக் கழுவினால் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்று வெளிப்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், சரிவு கொடுத்தேன். வாஸ்துக்காரர் வந்து குனிந்து பார்த்தார். கட்டை இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அறுபது வாசலும் அப்படியே போட்டோம்.

கிரகப்பிரவேசம் வந்தது. அதற்கு முந்தின வாரம் நான் காய்ச்சலில் கிடந்தேன். சாய்தளத்துக்குச் சொரசொரப்பான சிமெண்ட் பூச்சுத்தான் சொல்லியிருந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து முதலாளி கருப்புக் கிரானைட் ஒட்டிவிட்டார், கண்ணாடி மாதிரி. காலையில் போனதும் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

"முதலாளி, வழுக்கும். சாக்காவது விரிங்க."

"கேமராக்காரன் நிக்கிறான்யா. சாக்க விரிச்சா அரிசிக் கடை மாதிரி இருக்கும். சும்மா இரு."

பசு வந்தது. கொம்பில் மஞ்சள், கழுத்தில் மாலை, பின்னால் கன்று. மேளம் முழங்க நாலு எட்டு வைத்தது. சமதளத்துக்குக் கிட்டே முன்னங்கால் ரெண்டும் மடங்கிச் சறுக்கியது. அடிபடவில்லை. ஆனால் மிரண்டு, கழிந்து, கிரானைட் பூராவும் சாணி. மேளம் நின்றுபோச்சு. அறுபது குடும்பமும் வாயில் கை வைத்தது.

அப்போதுதான் முதலாளி என் பேரைச் சொல்லிக் கத்தினார். சக்கர மேஸ்திரி என்று இல்லை, அப்பன் வைத்த முழுப்பேர். அத்தனை வருசத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நாலு தரம் கத்தினார். "எங்க அவன்? அவம் பேச்சக் கேட்டு மானம் போச்சே!"

ஆர்க்கிடெக்ட் பக்கத்திலேயே நின்றார். கிரானைட் நான் சொன்னது இல்லை என்று அவருக்குத் தெரியும். போனைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரிதான் பேசினாள். "கத்தாதீங்க. கல்ல ஒட்டுனது யாரு, எங்க வீட்டுக்காரரா? அவருக்குக் காலுமில்ல, கிரானைட் கடையுமில்ல." கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாட்டுக்காரர், "சாக்கு இருந்தாக் குடுங்கப்பா, ஏறிரும்" என்றார். சமையல்காரரிடம் வாங்கி விரித்தார்கள். பசு ஏறியது.

அடுத்த வாரம் நானே வழி கண்டுபிடித்தேன். கிரானைட்டைப் பெயர்க்க முதலாளி விட மாட்டார். தெருவில் "அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல்லு கொத்தலையா" என்று சைக்கிளில் போன ஆளை நிறுத்தினேன். வீட்டுக்கு வீடு மிக்ஸி வந்த பிறகு வேலையில்லாமல் அலைந்தவர், முப்பது அடி நீளத்துக்கு ஒரே அம்மி என்றதும் நம்பவில்லை. உளியைப் பிடித்து, ஏறுகிற திசைக்குக் குறுக்கே, விரக்கடைக்கு ஒரு வரிசையாகப் பொளிந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுக் கொடுத்தேன். "என்ன மேஸ்திரி, யானைக்குச் சட்னி அரைக்கப் போறீங்களா?" என்று பெயிண்டர்கள் ஓட்டினார்கள். அஞ்சு நாள். இன்றைக்கு வரைக்கும், மழை பெய்தாலும், அதில் ஒரு சக்கரம் வழுக்கியதில்லை.

ஒரு மாசத்தில் கல்வெட்டுத் திறந்தார்கள். வரவேற்பு அறைச் சுவரில் கருப்புக்கல், தங்க எழுத்து. எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ஒவ்வொரு பேரும் எனக்கு மெதுவாக வந்தது. முதலாளி. முதலாளியின் காலமான தகப்பனார். ஆர்க்கிடெக்ட். கம்பிக் கணக்குப் போட்ட இன்ஜினியர். லிப்டு. மின்சாரம். ஒவ்வொரு பேர் முடியும்போதும் அடுத்தது நம்மளுது என்று நினைத்தேன். வாஸ்துக்காரர் பேர் வந்தது. செடி வைத்தவர் பேர் வந்தது. அதோடு கல் முடிந்துவிட்டது. நான் கீழே ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். வெறும் கல், ஒன்றரை அங்குலம்.

"வாங்க போவோம்" என்றாள் வீட்டுக்காரி. அவள் வாசிக்கத் தெரியாதவள். என் முகத்தை வாசித்துவிட்டாள்.

மறுவாரம் ஆர்க்கிடெக்டின் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மூணு படி. அவர்தான் இறங்கி வந்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. கல்வெட்டுல கன்சல்டன்ட் பேரு மட்டும்தான் போடுறது. நீங்க லேபர்ல வாரீங்க."

"வாஸ்துக்காரரு?"

"அவரு கன்சல்டன்ட்டுண்ணே."

"செடி வச்சவரு?"

"அவங்களும்... ஒங்ககிட்ட ஏதாவது சர்டிபிகேட் இருக்காண்ணே?"

என் கையை விரித்துக் காட்டினேன், உள்ளங்கைக் காய்ப்பை. அவர் அதை நான் காசு கேட்கிறேன் என்று நினைத்துப் பையில் கையை விட்டார். இதைவிட என்னை எவனும் கேவலப்படுத்தியதில்லை. மூணாம் மாடியிலிருந்து விழுந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அவருக்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள். ஏதோ ஒரு கூட்டத்தில் பேசியதை ஒருத்தர் போனில் போட்டுக் காட்டினார். சாய்தளத்தின் படத்தைக் காட்டி, "இந்தக் கொத்து வேலையை நம்ம வீட்டு அம்மியிலிருந்து எடுத்தேன்" என்கிறார். கைதட்டுகிறார்கள். மாடு சறுக்கியதைச் சொல்லவில்லை. வாசற்படியைப் பற்றி, "நம் மரபை விடாமல் நான் வடிவமைத்தது" என்கிறார். நான் வடிவமைத்தது. நான். அந்த 'நான்' என்ற ஒரு சொல்லுக்குள் எம்புட்டுப் பேரைப் புதைக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாசற்கட்டையை நாங்கள் புதைத்ததைவிட ஆழமாக.

இத்தனை வருசம் கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கட்டடத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். கல்வெட்டைக் கழற்றி, எழுத்துக்குத் தங்கப்பூச்சுப் புதுப்பித்து மாட்டப் போகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ரெண்டாம் மாடியில் இருக்கிற ஓய்வுபெற்ற டீச்சர். முழங்கால் போய், அவரும் சக்கர நாற்காலிதான். போய்க் கேட்டேன்.

"ஐயா, நான் இந்த வீட்ட வாங்குனதே இந்த வாசலப் பாத்துத்தான். தெனமும் ஒங்களத்தான் நெனைச்சுக்கிறேன்."

"நெனைப்பு ஒங்களோட போயிரும் டீச்சர். கல்லுல வேணும்."

"கமிட்டில கேப்பாங்க. நீங்க செஞ்சத எழுதிக் குடுங்க. நான் படிச்சுக் காட்டுறேன்" என்றார்.

அதனால் எழுதினேன். எழுத்துக்கூட்டி, மூணு மாசம். எழுதினதை வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். வாசற்படி வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"'மண்டைய ஒடைச்சோம், பொதைச்சோம்'னு போட்டிருக்கீங்க. பொதைக்கச் சொன்னது யாரு?"

"ரெண்டு பேருந்தான்."

"நானும் அன்னைக்குப் பட்டறை வாசல்லதான் இருந்தேன்."

அவளிடம் தப்ப முடியாது. நடந்தது இதுதான். நான் சொன்னது, "பாய், படி இருக்கணும். ஆனா இருக்கக் கூடாது." அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். வாயிலிருந்த பீடியை எடுத்தார். "அப்பப் பொதைச்சிருங்க" என்றார். அளவு என்னுது, சரிவு என்னுது, வாஸ்துக்காரரை வாயடைத்தது என்னுது. அந்த ஒரு சொல் அவருடையது. பட்டறையை விற்றுவிட்டு மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு இந்தக் கல்வெட்டு இருப்பதே தெரியாது. அந்த ஆர்க்கிடெக்ட் பிள்ளை என்னிடம் செய்ததை நான் பாயிடம் செய்யப் பார்த்தேன் என்று வீட்டுக்காரி சொல்கிறாள். அப்படி இல்லை. ஆனாலும் சேர்த்துவிட்டேன்.

சங்கத்துக்காரர்களே, முதலாளி, ஆர்க்கிடெக்ட் தம்பி, யார் இதைக் கேட்டாலும் சரி. எனக்குப் பரிசு வேண்டாம், மாலை வேண்டாம், மேடை வேண்டாம். உங்கள் மேடை எதிலும் சாய்தளம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். கல்லின் அடியில் ஒன்றரை அங்குலம் இடம் இருக்கிறது, டேப் வைத்து அளந்திருக்கிறேன். அரை அங்குல எழுத்தில் ஒரு வரி அடங்கும். 'சாய்தளம், வாசற்படி, உள் அளவுகள்' என்று வெட்டி, பக்கத்தில் ரெண்டு பேர் போடுங்கள். முதலாளி, மாடு சறுக்கியபோது நாலு தரம் கத்தினீர்களே, அந்த முழுப்பேர். உங்களுக்கு நன்றாகத் தெரியும், நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. அதற்கு அடுத்து பாய் பேர்.

என்னுது முதலில் வரணும்.